கரையில் குவித்த சேறு

தோடு என்று நான் சொன்னால் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்கள் என் காதைப் பார்ப்பார்கள். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்குத் தோடு என்றால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீர். காயலிலிருந்து பிரிந்து, கிடங்குகளின் முதுகைத் தொட்டுக்கொண்டு, வீடுகளுக்கு நடுவே வளைந்து வரும் உப்புத் தண்ணீர். இப்போது பாதி தூரத்துக்கு அதன் மேல் சிலாப் போட்டு மூடியிருக்கிறார்கள். மீதிப் பாதியை நாம் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டிப் போகிறோம். ஆனால் என் வயதுள்ள நீங்கள் அதன் அடிமட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் பாட்டி கதை விடுகிறாள் என்பார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூட மதில் மேல் நடந்து காட்டுகிறேன் என்று போய் விழுந்து வலது கை முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். எழுத முடியாத பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறது என்று டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்பா, தோடுகளைத் தூர்வாரும் ஒரு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. அம்மா தோப்பும்படிப் பக்கம் ஒரு ஷெட்டில் இறால் உரிக்கப் போவாள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து.

பகல் முழுவதும் நான் தனியாகத்தான் இருந்தேன். தோட்டுப் படித்துறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். செம்மண் நிறத்தில் வெட்டுக்கல்லால் கட்டிய படிகள். கிடங்குகளிலிருந்து மிளகும் சுக்கும் மணக்கும். கட்டுக்குள் கை அரிக்கும். ஒரு தென்னை ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மகர மாதம், அதாவது தை, பிறந்து கடல் உள்ளே ஏற ஆரம்பித்தால் அது தெளிந்துவிடும். வேலியேற்றத்தில், கடல் நீர் ஏறி நிற்கும் நேரத்தில், தண்ணீருக்குள் முழுகிய படிகளை எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது படியில் ஒட்டியிருந்த சிப்பிகூடத் தெரியும்.

அந்த நான்காவது படியின் பக்கவாட்டில்தான் கரிமீன் ஜோடி முட்டை வைத்தது. முதலில் இரண்டும் கல்லைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. ஏதோ தின்கின்றன என்று நான் நினைத்தேன். மறுநாள் பார்த்தால் கல்லில் மஞ்சள் கடுகை வரிசையாக ஒட்டவைத்தது போல முட்டைகள். ஒன்று முட்டைக்கு முன்னால் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். மற்றது சுற்றிச் சுற்றிக் காவல். பள்ளத்தி என்று நாம் சொல்வோமே, விரல் நீளத்தில் மஞ்சளும் கறுப்புப் பொட்டுமாக, அது கூட்டமாக வந்து முட்டையைத் திருடப் பார்க்கும். பெரியது ஓடித் துரத்தும். அதே பள்ளத்தி வேறு நேரத்தில் வந்து பெரியதின் உடம்பை மெல்லக் கொத்தும். அப்போது அது அசையாமல் நின்று காட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்கரைத் தூணில் ஒரு பொன்மான், அதுதான் மீன்கொத்தி, என்னைப்போலவே நாள் முழுவதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நாலைந்து நாளில் முட்டை பொரிந்து, புகைபோல ஒரு கூட்டம் அந்த ஜோடியைச் சுற்றி மிதந்தது. அன்று அம்மா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். இறால் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களைச் சேலையில் துடைத்தபடி பார்த்தாள். "உன்னைப் பெத்தப்போ எனக்கு இவ்வளவு காவல் இல்லடி," என்றாள்.

தோட்டில் இன்னொருத்தரும் இருந்தார். கையால் மீன் பிடிக்கும் சேச்சி. நீங்கள் பார்த்திருப்பீர்கள், கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, வலையும் தூண்டிலும் இல்லாமல், கல் இடுக்குகளைக் கையால் தடவித் தடவிப் பிடிப்பார்கள். இடுப்பில் கட்டிய கயிற்றின் முனையில் ஓர் அலுமினியச் சருவம் மிதந்து வரும். பிடித்ததை அதில் போடுவார்கள். இந்தச் சேச்சி எங்கோ கிழக்கே ஒரு துருத்தியிலிருந்து, அதாவது காயல் நடுவிலுள்ள சின்னத் தீவிலிருந்து, படுத்த படுக்கையான கணவரை வள்ளத்தில் வைத்துக்கொண்டு வந்தவள். பாலத்தடியில் வள்ளத்தைக் கட்டி, ஓலை மறைப்பு வைத்து, அதிலேயே குடியிருந்தாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். நான் அந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதிலிருந்து எங்கள் படித்துறைக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போவாள்.  

மீன மாதத்தில், பங்குனியில், அப்பாவின் கூட்டம் எங்கள் தோட்டுக்கே வந்தது. கிடங்குகளுக்குச் சரக்கு வள்ளம் வேலியிறக்கத்திலும் வரவேண்டும், அதற்கு ஆழப்படுத்த வேண்டும் என்று வேலை. இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வெட்டி, கூடைகூடையாகக் கைமாற்றிக் கரையில் கொட்டினார்கள். அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதட்டுவதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. வாரிய சேற்றை லாரி வந்து எடுத்துப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. லாரி வரவில்லை. எங்கள் வீட்டு வரிசை நெடுக, படித்துறையை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் கறுப்புச் சேறு ஏறிக்கொண்டே போனது.

அம்மா கேட்டாள்: "மழை வந்தா இது அப்படியே திரும்பத் தோட்டுலதானே போகும்?"

"மழைக்கு இன்னும் மாசம் கிடக்கு. லாரி நாளைக்கு வரும்னு காண்ட்ராக்டர் பறஞ்சிருக்கார்," என்றார் அப்பா.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் எங்கள் தெருக்கோடியில் இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். அப்பா ஐம்பது ஆளை வைத்து ஒரு வாரம் செய்ததை அது ஒரு காலையில் செய்துவிட்டது. சேற்றை அதேபோலக் கரையில் வைத்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த பெண்ணிடம், என் மகள் வயதுதான் இருக்கும், நான் போய் இதை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். "டிப்பர் நாளைக்கு வரும் ஆன்ட்டி," என்றாள். எனக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று. அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாவம் அந்தப் பெண்; என்னைக் கிளப்புவதற்காகவே அன்று மாலைக்குள் டிப்பரை வரவழைத்தாள்.

அப்பாவின் லாரிக்கு அப்படி யாரும் நாற்காலி போடவில்லை.

வேலை எங்கள் படித்துறையைத் தாண்டித் தண்ணீர் தெளிந்ததும் அந்த ஜோடி இரண்டாவது முறை முட்டை வைத்திருந்தது. வைத்த மறுநாள் பிற்பகல் கோடை மழை. ஓட்டின் மேல் ஆணி கொட்டுவது போலப் பெய்தது. அரை மணி நேரம்கூட இருக்காது. மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். குவித்த சேற்றில் பாதி இல்லை. தோடு பால் அதிகம் ஊற்றிய சாயா நிறத்தில் நின்றது. முதல் படிகூடத் தெரியவில்லை. படியோரம் குப்புறப் படுத்து, நல்ல கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவினேன். கல்லின் மேல் வழவழவென்று ஒரு விரற்கடைக்குச் சேறு படிந்திருந்தது. முட்டைகள் இருந்த இடமும் அதற்குள்தான். என் கையின் மேல் ஏதோ விசிறுவது போலத் தண்ணீர் அசைந்தது. அந்தப் பெரிய மீன் இன்னும் அங்கேயே நின்று விசிறிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மீன்கள் செத்து மிதந்தன. பள்ளத்திதான் அதிகம். நடுவே உள்ளங்கை அகலத்தில் கரிமீன்களும். கரை முழுவதும் ஆட்கள். பாலத்தருகே சாயாக் கடை வைத்திருந்தவர்தான் முதலில் சொன்னார்: "இது நஞ்சு கலக்கினது. நேத்து உச்சைக்கு நான் கண்டதாக்கும். அந்தக் கைமீன்காரி பொடியா எந்தோ வாரி விதறினா."

நானும் பார்த்திருந்தேன். மழைக்கு முன்னால், எங்கள் படித்துறைக்கு எதிரே நின்றுதான் அவள் அதைத் தூவினாள். மீன் கூடுவதற்காகப் போடும் தேங்காய்ப் பிண்ணாக்கு. எங்கள் படியில் சிந்தியதில் ஒரு துண்டை நான் எடுத்து மோந்துகூடப் பார்த்தேன்.

அவளைப் பாலத்தடியிலிருந்து அழைத்து வந்தார்கள். அழைத்து என்று எழுதுகிறேன்; இழுத்துத்தான் வந்தார்கள். அவள் செத்த மீன் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து, "செளியாணு! செகிள பொக்கி நோக்கு!" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். சேறுதான், செவுளைத் தூக்கிப் பாருங்கள் என்று அர்த்தம். யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

சாயாக் கடைக்காரர் என்னைக் காட்டினார். "மேஸ்திரியோட மோள் நாள் முழுக்க இங்கதான் இருக்கா. அவளைக் கேளு."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா கூட்டத்தின் ஓரத்தில், சேற்றுக் குவியலில் மீதி இருந்ததன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணைக் காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. வெறுமனே பார்த்தார். ஆனால் பிண்ணாக்கு என்று நான் சொன்னால், அடுத்த கேள்வி பின்னே மீன் எதனால் செத்தது என்பதுதான் என்று அந்த ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

சருவத்தை யாரோ காலால் மிதித்தார்கள். சேச்சி கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். பாலத்தடிக்குப் போய் வள்ளத்தை அவிழ்த்தாள். உச்சி வெயிலில், வேலியிறக்கத்தோடு, ஓலை மறைப்புக்குள் கணவரின் இரண்டு கால்கள் மட்டும் தெரிய, வள்ளம் எங்கள் வீட்டைத் தாண்டிக் காயல் பக்கம் போனது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும் தெருவே அவளிடம் கதையைச் சொன்னது. நான் மட்டும், அந்தச் சேச்சி என்ன கத்தினாள் என்பதைச் சொன்னேன். அம்மா படித்துறைக்குப் போய் ஒரு கரிமீனை எடுத்து வந்தாள். செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கினாள். மீன் வாங்கும்போது அங்கே எப்படிச் சிவப்பாக இருக்கும், நமக்கு என்ன தெரியாதா. அது சாம்பல் நிறத்தில், களிமண்ணை வைத்து அடைத்தது போல இருந்தது. மேலே செம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். சேறு கரைந்து வழிந்துகொண்டே இருந்தது.

"மூச்சு முட்டிச் செத்திருக்கு," என்று அப்பாவிடம் நீட்டினாள். "நீங்க போய்ச் சொல்லுங்க."

"சொன்னா என் பேருதான் வரும். லாரிக்காரனையா பிடிப்பாங்க?"

"உங்க பேரு வரட்டுமே. அவ பேரு வந்துச்சே."

அப்பா கை கழுவப் போனார். அம்மா அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், பேசவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள். "உங்கப்பாகிட்ட அரிசி தீர்ந்துருச்சுன்னு சொல்லு." அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

அந்தக் கோடை முழுவதும் தண்ணீர் தெளியவில்லை. ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அடியில் படிந்ததைக் கிளப்பிக் கிளப்பி விட்டது. சேற்றைப் பொருட்படுத்தாத கூரி, நம் கெளுத்தி, அது மட்டும் மீசையை ஆட்டிக்கொண்டு வந்தது. ஆட்கள் அதைப் பிடித்து, மீன்தான் இருக்கிறதே என்றார்கள். பொன்மான் சில நாள் தூணில் உட்கார்ந்து பார்த்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத தண்ணீரில் அது எங்கே பாயும்? போய்விட்டது.

என் கட்டைப் பிரித்தார்கள். பெருமழை வந்தது. மழை விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தனியாக ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, கரையில் மீந்திருந்த சேற்றை அள்ளிச் சுமந்து, சுள்ளிக்கல் பக்கம் ஒரு பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். மேஸ்திரி கூடை சுமக்கிறாரே, காண்ட்ராக்டர் தண்டனை கொடுத்துவிட்டாரோ என்று தெருவில் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வெட்கப்பட்டேன். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை என்று தெரிந்தபோது எனக்கே கல்யாணமாகிக் குழந்தை இருந்தது.

துலா மாதத்தில், ஐப்பசியில், ஒருநாள் அம்மா வேலையிலிருந்து வந்து, ஆறேழு மாதத்துக்கு அப்புறம், நேராக அப்பாவைப் பார்த்துப் பேசினாள். "அவ எங்க ஷெட்டுல சேர்ந்திருக்கா. எனக்கு மூணு ஆள் தள்ளி உட்கார்ந்து உரிக்கிறா."

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. "வா," என்று என்னை அழைத்தார். சுள்ளிக்கல் வழியாகத் தோப்பும்படிக்கு நடந்தோம்.  ஷெட் வாசலில் ஐஸ் உருகிய தண்ணீரும் இறால் ஓடும் நாறின. வேலை விட்டதும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். சேச்சியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தண்ணீரில் பார்த்தபோது பெரியவளாகத் தெரிந்தாள். கரையில் சின்னதாக இருந்தாள். விரல் நுனிகள் அம்மாவுடையது போலவே வெந்திருந்தன.

அப்பா முன்னால் போய் நின்றார். "கரையில மண்ணு போட்டது நான். மழையில அதுதான் இறங்கிச்சு. நீ ஒண்ணும் செய்யலே."

"அது எனக்கு அறியாத காரியமா?" என்றாள். தமிழும் மலையாளமுமாகத்தான் பேசினாள். "கையால அடிய தப்பித் தடவுறவளுக்குச் செளி எவிடெந்து வந்ததுன்னு அறியாம இருக்குமா? இதை என்கிட்ட ஏன் பறயணும்? அவங்ககிட்ட போய்ப் பறயி."

அப்பாவின் பின்னாலிருந்து நான் சொன்னேன்: "சேச்சி, அது பிண்ணாக்குன்னு எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அறியாம், மோளே," என்றாள். எனக்குத் தெரியும், மகளே. தலையைத் தடவவில்லை, சிரிக்கவில்லை. அம்மாவோடு சேர்ந்து நடந்து போய்விட்டாள்.

வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாயாக் கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து அப்பா போனார். நான் வாசலில் நின்றேன். உட்காராமல், நின்றபடியே சொன்னார். கடைக்காரர் சாயாவை ஆற்றிக்கொண்டே, "அதொக்கெ பழைய கதை மேஸ்திரி, விட்டுக்களயி," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் செய்தித்தாளிலிருந்து நிமிரவே இல்லை. அப்பா இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னார், குரலை உயர்த்தாமல். மழைக்கு முன்னாலேயே மனைவி எச்சரித்ததையும் சேர்த்துச் சொன்னார். அப்போதுதான் கடைக்காரரின் கை நின்றது.

செய்தி காண்ட்ராக்டருக்குப் போனது. லாரி அனுப்பாததைத் தெருவில் வைத்துப் பேசியதற்காக அப்பாவின் மேஸ்திரி வேலை போயிற்று. கூடை சுமக்கிற வேலை இருக்கிறது, வேண்டுமானால் வா என்றார்கள். போனார். உடம்பு விடும்வரை அந்த வேலைதான் செய்தார். எனக்கு அதில் நெடுநாள் ஆற்றாமை இருந்தது. ஒரு தடவை சொல்லவும் செய்தேன், என் சம்பளத்தில் வீடு நடக்க ஆரம்பித்த பிறகு. "கூடை தலையில இருக்கும்போது தூக்கம் நல்லா வருதுடி," என்றார். அவர் சொன்னதிலேயே கொஞ்சம் வேடிக்கையான பேச்சு அதுதான்.

மகரத்தில் சேச்சி ஒருநாள் வந்தாள். கணவர் அதற்குள் இறந்திருந்தார். ஷெட் விடுமுறை நாள். பாலத்தைத் தாண்டும்போது கடைக்காரர் வெளியே வந்து, "ஒரு சாயா குடிச்சிட்டு இறங்கு," என்றார். அவள் நின்றாள், தலையசைத்தாள், குடிக்காமல் இறங்கினாள். படித்துறையிலிருந்து கிடங்கு வரை சுவரோரமாகத் தடவிக்கொண்டே போனாள். நான் கரையில் கூடவே நடந்தேன். ஓரிடத்தில் முங்கி ஒரு பிடி அள்ளி எடுத்து விரித்துக் காட்டினாள். பாதி மணலும் சிப்பித் துண்டும். பாதி சேறு.

கூடையோடு வந்துகொண்டிருந்த அப்பா, "ஏதாவது கிட்டிச்சா?" என்று கேட்டார்.

"இல்லே. இந்தக் கொல்லம் இல்லே. கல்லு இன்னும் தெளியணும். நீ கரையில ஒண்ணும் போடாம இருந்தா மதி." கொல்லம் என்றால் வருடம், மதி என்றால் போதும்.

அதற்கடுத்த வருடம் கும்ப மாதத்தில், மாசியில், கிழக்குச் சுவரின் ஓரம், பழைய இடத்திலிருந்து தள்ளி, ஒரு ஜோடி கல்லைக் கொத்திச் சுத்தம் செய்வதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் முட்டை இருந்தது. எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் தோப்பும்படிக்கே ஓடினேன். ஷெட் வாசலில் அவள் வெளியே வரும்வரை நின்று, மூச்சு வாங்கச் சொன்னேன்.

"முட்டை வெச்சிருக்கு சேச்சி."

எங்கே என்று கேட்டாள். சொன்னேன். எத்தனையாவது கல், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதெல்லாம் விசாரித்தாள். பிறகு குனிந்து, என் காதருகே, "ஆரோடும் பறயண்டா," என்றாள். யாரிடமும் சொல்லாதே.

குஞ்சுகள் புகைபோல மிதக்கத் தொடங்கும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட.